புத்தகத்தை மூடிய பிறகும் தொடரும் படிப்பு

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் எந்தக் கல்லூரி விடுதிக்குப் போனாலும் இரவு 2 மணிக்கு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். ஜெராக்ஸ் நோட்ஸைப் புரட்டியபடி வராந்தாவில் ஒருவர் நடப்பார். இன்னொருவர் மூன்றாவது டீயைக் கலக்குவார். ‘நைட் அவுட்’ போட்டவர் மறுநாள் அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்லிக்கொள்வார். தேர்வு இல்லாத நாட்களிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. வகுப்பு, ஆய்வகம், ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல் தேர்வு, பிளேஸ்மென்ட் பயிற்சி என்று பகல் போய்விடுகிறது. சிலருக்கு மாலையில் பகுதிநேர வேலையும் உண்டு. எதையாவது குறைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் வெட்டுப்படுவது தூக்கம்தான். வீட்டிலிருந்து போனில் “உடம்பப் பாத்துக்கோ” என்று அம்மா சொல்வார்; “சரிம்மா” என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

தூக்கத்தை வெட்டுவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் படிக்கலாம், தூங்கும் நேரம் வீண் என்பது அந்தக் கணக்கு. அதன் இரண்டாம் பாதி தவறு என்பதற்கு நூறு ஆண்டுகளாகச் சான்றுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. மாணவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று பேசுவோர் உடற்பயிற்சி, தியானம், சத்தான உணவு, பொழுதுபோக்கு என்று ஒரு பட்டியலை நீட்டுவது வழக்கம். நேரமே இல்லாதவருக்கு அந்தப் பட்டியல் இன்னொரு அசைன்மென்ட். ஆகவே இந்தக் கட்டுரை தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அது ஒழுங்கானால் மற்றவற்றுக்கான தெம்பும் நேரமும் ஓரளவு தானாக வந்து சேரும்.

இரண்டு மாணவர்கள், பத்து அசைகள்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஜென்கின்ஸ், கார்ல் டாலன்பாக் ஆகிய உளவியலாளர்கள் 1924-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோதனைக்கு உட்பட்டவர்கள் இரண்டே பேர். இருவரும் அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். பொருளில்லாத பத்து அசைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். சில நாள் காலையில் மனப்பாடம் செய்துவிட்டு வழக்கமான வேலைகளைப் பார்க்கப் போவார்கள். சில நாள் இரவில் மனப்பாடம் செய்துவிட்டு ஆய்வகத்திலேயே படுத்துவிடுவார்கள். 1, 2, 4, 8 மணி நேரம் கழித்து, எத்தனை அசைகள் நினைவில் இருக்கின்றன என்று சோதித்தார்கள். 8 மணி நேரம் விழித்திருந்த பிறகு பத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சியது. 8 மணி நேரம் தூங்கி எழுந்த பிறகு ஏறக்குறைய பாதி மிஞ்சியிருந்தது.

தூங்கும்போது புதிய செய்திகள் உள்ளே வராததால் பழையவை கலையாமல் இருக்கின்றன என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். தூக்கம் சும்மா காவல் காக்கிறது என்று அதற்கு அர்த்தம். அது அதைவிடக் கூடுதலான வேலை செய்கிறது என்பது 1994-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் எலிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தினார்கள். எலி நடமாடும்போது எந்தெந்த நரம்பணுக்கள் சேர்ந்து துடித்தனவோ, அவை பிறகு வந்த ஆழ்ந்த தூக்கத்திலும் சேர்ந்தே துடித்தன. பகலில் போன வழியை மூளை இரவில் மீண்டும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய மளிகைக் கடைகளில் பகல் முழுக்க நடக்கும் வியாபாரத்தைக் கணக்குப்பிள்ளை சிட்டையில் அவசரமாகக் குறித்துவைப்பார். கடை சாத்தியபின் உட்கார்ந்து அதைப் பேரேட்டில் ஏற்றுவார். மூளையின் ஏற்பாடும் ஏறக்குறைய இதுதான். புதிதாகப் படித்ததை ஹிப்போகாம்பஸ் சட்டென்று பிடித்துவைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தின்போது அது மீண்டும் மீண்டும் ஓட்டப்பட்டு, பெருமூளைப் புறணியில் ஏற்கெனவே இருக்கும் அறிவோடு பிணைகிறது. நைட் அவுட் போட்டவர் சிட்டையை நிரப்பிக்கொண்டே போகிறார். பேரேட்டில் ஏற்றுவதற்கு ஆளில்லை.

இந்த வேலை இரவு முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும், கனவுகள் மிகுந்த கட்டம் பின்னிரவில் அதிகம். இந்தக் கட்டத்தை 1953-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நதானியல் கிளைட்மனும் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கியும். 7 மணி நேரத் தூக்கத்தில் கடைசி 2 மணியை அலாரம் வைத்து அறுத்தால், போவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் என்று தோன்றும். கனவுக் கட்டத்தைப் பொறுத்தவரை இழப்பு அதைவிடப் பெரியது.

முந்தைய நாள் படித்ததோடு இழப்பு நிற்பதில்லை. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மாத்யூ வாக்கர் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்த இளைஞர்களிடம் மறுநாள் புதிய படங்களைக் காட்டி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நன்றாகத் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால் இவர்களின் ஹிப்போகாம்பஸ் செயல்பாடு குறைந்திருந்தது. பிறகு நடந்த சோதனையில் நினைவும் குறைந்திருந்தது. தேர்வு முடிந்த கையோடு அடுத்த பேப்பருக்கு உட்காரும் மாணவருக்கு இது முக்கியமான செய்தி.

ஒரு நாள் தூங்கினால் போதுமா?

இவையெல்லாம் ஆய்வகச் சோதனைகள். உண்மையான வகுப்பில், உண்மையான மதிப்பெண்ணில் இது தெரியுமா? மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமான எம்ஐடியில் திடநிலை வேதியியல் பாடம் எடுத்த மாணவர்கள் ஒரு செமஸ்டர் முழுக்கக் கையில் தூக்கத்தை அளக்கும் பட்டை கட்டிக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் தந்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில், எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள், எவ்வளவு நன்றாகத் தூங்குகிறார்கள், நாளுக்கு நாள் எவ்வளவு சீராகத் தூங்குகிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, மதிப்பெண்களில் இருந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 25 சதவீதம் அவற்றோடு பொருந்தியது. அதைவிடச் சுவையான முடிவு ஒன்றும் வந்தது. தேர்வுக்கு முந்தைய ஒரே ஓர் இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு தெரிந்தது, அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்த முந்தைய வாரங்களின் தூக்கத்தோடு.

அமெரிக்காவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 600-க்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களைப் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு 2023-இல் வந்தது. செமஸ்டரின் முற்பகுதியில் சராசரித் தூக்கம் ஒரு மணி நேரம் குறைந்தால், செமஸ்டர் முடிவில் சராசரி மதிப்பு 4-க்கு 0.07 அளவு குறைந்திருந்தது. 6 மணி நேரத்துக்குக் கீழே போனவர்களிடம் சரிவு குறிப்பாகத் தெரிந்தது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். தூக்கம்தான் காரணம் என்று இவை மட்டுமே நிரூபித்துவிடாது. ஆனால் முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்த பிறகும் 2023 ஆய்வின் முடிவு நின்றது. ஆய்வகத்தில் தெரிந்ததோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் திசை ஒன்றாகவே இருக்கிறது.

உணராமல் ஏறும் கடன்

“எனக்கு 5 மணி நேரம் போதும், பழகிப்போச்சு” என்று சொல்லாத மாணவர் விடுதியில் குறைவு. பழகிப்போவது எது என்பதை 2003-இல் ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிஞ்சஸும் காட்டினார்கள். உடல்நலமுள்ளவர்களை 14 நாட்கள் ஆய்வகத்தில் வைத்து, ஒரு குழுவுக்கு 8 மணி நேரம், இன்னொன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 4 என்று படுக்கை நேரத்தை வரையறுத்தார்கள். கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளில் 6 மணி, 4 மணிக் குழுக்களின் தவறுகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. இரண்டு வார முடிவில் 6 மணிக் குழுவினர், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்திருந்தார்கள். ஆனால் “எவ்வளவு தூக்கமாக இருக்கிறது” என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன அளவு பெரிதாக ஏறவில்லை. திறன் இறங்கிக்கொண்டே போக, இறங்குகிறது என்ற உணர்வு மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது. பழகிப்போனது அந்த உணர்வுதான்.

விடிய விடியப் படித்துவிட்டு பைக்கில் தேர்வு மையத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு ஆய்வையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997-இல், தொடர்ந்து விழித்திருப்போரின் கை-கண் ஒருங்கிணைப்பை மது அருந்தியவர்களின் திறனோடு ஒப்பிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர்கள், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர்களைப் போலத் தடுமாறினார்கள். 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்கு இணையானது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஊதிக் காட்டச் சொல்லும் கருவியில் தூக்கமின்மை தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

இருபது வயதின் கடிகாரம்

சரி, பத்து மணிக்கே படுக்கலாம் என்று முடிவெடுத்தாலும் தூக்கம் வருகிறதா? பெரும்பாலும் வராது. அதைச் சோம்பல் என்றும் செல்போன் மோகம் என்றும் மட்டும் பேசிவிட முடியாது. உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது.

இந்தக் கடிகாரத்தைப் பற்றிய உலகத்தரமான ஆய்வுகள் மதுரையில் நடந்திருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் சமணர் மலைக் குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் உட்பகுதியில் இரவும் பகலும் ஒரே இருட்டு. ஆனாலும் கூண்டில் அடைத்து அங்கே வைக்கப்பட்ட வௌவால்கள், வெளியே போய்வரும் கூட்டத்தின் நடமாட்டத்தை உணர்ந்து தங்கள் நேரத்தைச் சரிசெய்துகொண்டன. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தபோது அவற்றின் உள்கடிகாரம் தன் போக்கில் ஓடத் தொடங்கியது. சந்திரசேகரன் அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்கும் ஒரு தனிமைக் கூடத்தை அமைத்தார். கடிகாரமும் சூரியனும் செய்தித்தாளும் இல்லாத அறையில் தன்னார்வலர்கள் நாட்கணக்கில் தங்கி, பசித்தபோது சாப்பிட்டு, தூக்கம் வந்தபோது தூங்கினார்கள்.

இப்படிப்பட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்து, மனித உடல் தானாகவே ஏறக்குறைய ஒரு நாளை அளக்கிறது என்பது உறுதியானது. மூளையின் அடிப்பகுதியில் கண்நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இந்த வேலையைச் செய்கிறது. உயிரணுக்களுக்குள் இந்தத் தாளம் எப்படி உருவாகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் கடிகாரத்தின் சராசரிச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்று சார்லஸ் செய்ஸ்லர் குழுவினர் 1999-இல் அளந்து காட்டினார்கள். ஏறக்குறைய 24 மணி 11 நிமிடம். ஆகவே அதைத் தினமும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது காலை வெளிச்சம். இரவு வெளிச்சம் எதிர்த்திசையில் வேலை செய்து கடிகாரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது.

வயதுக்கும் இதில் பங்குண்டு. ஜெர்மனியில் டில் ரோனெபெர்க் குழுவினர் 2004-இல் ஆயிரக்கணக்கானோரின் தூக்க நேரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். விடலைப் பருவம் தொடங்கியதிலிருந்து தூங்கும் நேரம் ஆண்டுதோறும் தள்ளிக்கொண்டே போகிறது. சுமார் 20 வயதில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது. பெண்கள் 19.5 வயதிலும் ஆண்கள் 21-ஐ ஒட்டியும் திரும்புகிறார்கள். வாழ்நாளிலேயே மிகத் தாமதமாகத் தூக்கம் வரும் வயதில்தான் நாம் மாணவர்களை 8 மணி வகுப்பில் உட்கார வைக்கிறோம். தள்ளிப்போன கடிகாரத்தை அதிகாலை அலாரம் வெட்டுகிறது. சனி, ஞாயிறுகளில் மதியம் வரை தூங்கி ஈடுகட்டும்போது கடிகாரம் இன்னும் தள்ளிப்போகிறது. திங்கட்கிழமைக் காலை மறுபடியும் சண்டை.

ஹார்வர்டில் 61 மாணவர்களைக் கொண்டு 2017-இல் நடந்த ஆய்வு இதற்கு ஒரு சான்று. ஒழுங்கான நேரத்தில் தூங்குவோரும் கண்ட நேரத்தில் தூங்குவோரும் மொத்தத்தில் தூங்கிய நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கண்ட நேரத்தில் தூங்கியவர்களின் உடற்கடிகாரம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. மதிப்பெண்ணும் குறைவாக இருந்தது.

நேரம் எங்கிருந்து வரும்?

18 முதல் 25 வயது வரை இரவுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. இப்போது 5 மணி நேரம் தூங்குகிறவர் கூடுதல் 2 மணியை எங்கே தேடுவார்? படிக்கும் முறையில் தேடலாம்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை மறுபடி படித்தார்கள். மறுசாரார் அதை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம். செலவழித்த நேரம் இருவருக்கும் சமம். நோட்ஸில் மஞ்சள் மை பூசிக்கொண்டு ஐந்தாம் முறை படிப்பது உழைப்பு போலத் தெரியும். பழைய வினாத்தாளை எடுத்து 20 நிமிடம் எழுதிப் பார்ப்பது அதைவிட அதிகம் தரும். அதையே ஒரு வாரத்தில் மூன்று நாட்களுக்குப் பிரித்து வைத்தால், இடையில் வரும் ஒவ்வொரு தூக்கமும் தன் பங்கைச் செய்யும்.

திட்டமிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கனடாவில் ரோஜர் பியூலர் குழுவினர் 1994-இல், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன 49 நாளையும் அது தாண்டிவிட்டது. ரெக்கார்டு நோட்டுக்கு ஒரு மாலை என்று ஒதுக்கினால் ஒன்றரை மாலை ஆகும் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். அந்த அரை மாலையைத்தான் இதுவரை தூக்கம் கொடுத்துவந்தது.

விடுதி அறையில் செய்யக்கூடியவை

படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்வது எளிது. வாரநாளுக்கும் விடுமுறைக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். எழுந்ததும் மொட்டைமாடியிலோ மைதானத்திலோ கால் மணி நேரமாவது நடந்தால் கடிகாரத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி இந்த நடையிலேயே சேர்ந்துவிடும்.

விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. காபியிலும் டீயிலும் உள்ள காஃபீன் அது போய் ஒட்டும் இடங்களை மறித்துக்கொள்கிறது. சோர்வு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது. உடலில் பாதி காஃபீன் கழியவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்தது என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. மாலை 5 மணி டீயைக் கடைசி டீயாக வைத்துக்கொள்வது நல்லது. மதியம் கண் சொக்கினால் 10 முதல் 20 நிமிடம் தூங்கலாம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும் மந்தம் பிடித்துக்கொள்ளும்.

விடுதியில் தூக்கம் ஒருவர் கையில் மட்டும் இல்லை. ஒரே அறையில் மூன்று பேர் இருந்தால் மூன்று கால அட்டவணைகள். இரவு 12 மணிக்கு மேல் பெரிய விளக்கு வேண்டாம், படிப்பவர் மேசை விளக்கோடு இருக்கட்டும், போனுக்கு ஹெட்போன் என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். தேர்வுக்கு முந்தைய இரவு இன்னும் ஒரு யூனிட் மிச்சம் இருக்கிறதா? அதன் முக்கியக் கேள்விகளை மட்டும் பார்த்துவிட்டு நான்கைந்து மணி நேரமாவது படுப்பது, விடியும் வரை உட்கார்ந்திருப்பதைவிட மேல்.

எல்லாவற்றையும் மாணவர் தலையில் கட்டிவிடவும் முடியாது. கட்டணத்துக்காக இரவுப் பணி பார்ப்பவரிடம் ஒழுங்காகத் தூங்கு என்பது அறிவுரையாகாது. முதல் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது, அசைன்மென்ட் கெடுவை நள்ளிரவிலிருந்து மாலைக்கு மாற்றுவது, ஒரே வாரத்தில் எல்லா இன்டர்னலையும் குவிக்காமல் இருப்பது ஆகியவை கல்லூரிகள் செலவில்லாமல் செய்யக்கூடியவை. நேரம் கிடைத்தும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது கால அட்டவணைப் பிரச்சினை இல்லை. மருத்துவரிடம் பேச வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

எம்ஐடி மாணவர்களின் கையில் இருந்த பட்டைகள் சொன்னதை ஒரு வரியில் சுருக்கினால், தேர்வு அட்டவணை வெளியானபின் தூங்கத் தொடங்குவது தாமதம். தூக்கத்துக்கான ஏற்பாடு பாடம் தொடங்கும் முதல் வாரத்தின் வேலை. அந்த வாரத்தில் யாரும் பிஸியாக இருப்பதில்லை என்பது ஒரு வசதி.